புத்தகத்தை எடுத்ததும் எழுந்து ஓடும் குழந்தைகள்

கேள்வி:

திருப்பூரை ஒட்டிய ஒரு கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். இரண்டரை வயது முதல் ஐந்து வயது வரை 18 குழந்தைகள் வருகிறார்கள். தினமும் கதைப் புத்தகம் வாசித்துக் காட்ட வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். பகல் 11.30 மணிக்கு வாசிக்கிறேன். இரண்டு நிமிடம்கூட ஆகாது, பாதிப் பேர் எழுந்து ஓடிவிடுகிறார்கள். கைகட்டி, வாயில் விரல் வைத்து உட்காரச் சொன்னால்தான் கொஞ்சமாவது அடங்குகிறார்கள். இதற்கிடையே, "பாலவாடியில் பாட்டும் விளையாட்டும்தான், பக்கத்து நர்சரியில் எல்.கே.ஜி. பிள்ளைகள் அ, ஆ எழுதுகிறார்கள்" என்று சொல்லி மூன்று குழந்தைகளை நிறுத்திவிட்டார்கள். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் குழந்தை ஒன்று, சேர்ந்து நான்கு மாதமாகியும் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் உதவியாளர் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. கதையை நிறுத்திவிட்டு, விளையாட்டையும் குறைத்துக்கொண்டு, எழுத்தைத் தொடங்கிவிடட்டுமா?

— ஓர் அங்கன்வாடிப் பணியாளர், திருப்பூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வேண்டாம். கதையையும் நிறுத்த வேண்டாம், விளையாட்டையும் குறைக்க வேண்டாம். ஆனால் இப்போது வாசிக்கும் விதத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், "வாயில் விரல் வைத்து" என்று. சிக்கலின் பெரும்பகுதி அந்த வரியில்தான் இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தைக்குக் கதை கேட்பது என்றால் கதைக்குள் புகுந்து பேசுவது. படத்தில் நாயைப் பார்த்தால் தன் தெரு நாயைப் பற்றி உடனே சொல்லியாக வேண்டும். அந்த வாயை அடைத்துவிட்டால் அதற்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை. செய்ய ஒன்றுமில்லாத இடத்திலிருந்து எழுந்து போவது நியாயம்தானே?

கதை நேரம் நன்றாக நடந்ததா என்று பார்க்க நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: யார் அதிகம் பேசினார்கள்? நீங்கள் பேசி அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் அது சொற்பொழிவு. அவர்கள் பேசி நீங்கள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு தவித்தால் நல்லபடியாகப் போகிறது என்று பொருள்.

முதலில் ஏற்பாட்டைச் சரிசெய்துகொள்ளுங்கள். 18 பேரையும் ஒன்றாக உட்காரவைத்து ஒரே புத்தகத்தைக் காட்டுவது நீண்ட அனுபவம் உள்ளவர்களுக்கே எளிதில்லை. பின்வரிசைக்குப் படமே தெரியாது. படம் தெரியாத குழந்தைக்குப் பக்கத்துக் குழந்தையைக் கிள்ளுவதைத் தவிர வேறு என்ன பொழுதுபோக்கு? ஐந்து ஆறு பேராகப் பிரியுங்கள். ஒரு குழு உங்களோடு கதையில் இருக்கட்டும், மற்றவர்கள் உதவியாளர் அம்மாவின் கண்பார்வையில் விளையாடட்டும், பிறகு குழுவை மாற்றுங்கள். இரண்டரை வயதுக்காரர்களைத் தனிக் குழுவாக வைப்பது நல்லது. அவர்களுக்குக் கதை நீளமாக இருக்கத் தேவையில்லை. பக்கத்துக்கு ஒரு படம், அதைப் பற்றி நான்கு பேச்சு, போதும்.

11.30 மணி சரிப்படாது. சாம்பார் தாளிக்கும் வாசனை வரும் நேரத்தில் எந்தக் கதையாலும் போட்டி போட முடியாது. காலையில் வந்து, ஓடியாடி, தண்ணீர் குடித்து முடித்த பிறகு, பத்தரை மணி வாக்கில் வைத்துப் பாருங்கள். வாசலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள். வெளிச்சம் உங்களுக்குப் பின்னாலிருந்து வந்தால் குழந்தைகளின் கண்ணுக்குப் புத்தகம் இருட்டாகத்தான் தெரியும். புத்தகத்தை உங்களுக்கு நேரே வைத்து வாசித்துவிட்டு அப்புறம் திருப்பிக் காட்டாமல், ஆரம்பம் முதல் படம் அவர்கள் பக்கம் இருக்கும்படி தோளோரமாகப் பிடித்துக்கொண்டு, நீங்கள் பக்கவாட்டில் பார்த்து வாசியுங்கள். இதற்கு முதல் நாளே வீட்டில் ஒரு தடவை வாசித்திருக்க வேண்டும். குழந்தைகள் முன்னால் முதல்முறையாகப் புத்தகத்தைப் பிரிப்பவருடைய கண் எழுத்தைவிட்டு நகராது.

ஏழெட்டு நிமிடம் போதும். ஒரு குழந்தை படுத்துக்கொண்டு கேட்கும். இன்னொன்று சுவரோரமாக டயர் ஓட்டிக்கொண்டே கேட்கும். விட்டுவிடுங்கள். நாலு நாள் கழித்து, டயர் ஓட்டிய குழந்தைதான் கதையின் நடுவில் வரும் வசனத்தை அட்சரம் பிசகாமல் சொல்லும்.

இப்போது வாசிக்கும் விதம். கோழி தன் குஞ்சைத் தேடும் கதை என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் கேள்வியே கேட்காதீர்கள். குரலை ஏற்றி இறக்கி, கோழி கூப்பிடும் இடத்தில் கோழியாகவே மாறி, முழுக்க வாசித்துவிடுங்கள். மறுநாள் அதே புத்தகம். இம்முறை பக்கத்தைத் திருப்பும் முன்னால் நிறுத்தி, "குஞ்சு எங்கே போயிருக்கும்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். இந்தக் காத்திருப்பதுதான் நமக்கு வராது. இரண்டு எண்ணுவதற்குள் பதிலையும் நாமே சொல்லிவிடுவோம். மனதுக்குள் மெதுவாக ஐந்து வரை எண்ணுங்கள். ஒரு குழந்தை, "கூடை" என்று ஒற்றைச் சொல்லில் சொல்லும். புத்தகத்தில் குஞ்சு இருப்பதோ வைக்கோல் போரில். "தப்பு" என்று சொல்லிவிடாதீர்கள். "கூடைக்குள் ஒளிந்திருக்குமோ? கவிழ்த்து வைத்த பெரிய கூடைக்குள்?" என்று அதன் சொல்லை எடுத்து, இரண்டு சொல் கூட்டிச் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். குழந்தை, "பெரிய கூடை, கவிழ்த்து வைத்த கூடை" என்று சொல்லிப் பார்க்கும். அவ்வளவுதான் வித்தை. மூன்றாம் நாள் புத்தகத்தை ஒரு குழந்தையின் மடியில் வைத்து, "நீ சொல், நான் கேட்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்டும் அவருடைய குழுவினரும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சின்னக் குழந்தைகள் உள்ள பெற்றோரில் ஒரு பிரிவினருக்கு இப்படிக் கேட்டு, காத்திருந்து, விரித்துச் சொல்லும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் வாசித்தார்கள். இரு தரப்பும் வாசித்த அளவு ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் பிரிவுக் குழந்தைகளின் பேச்சு தெளிவாக முன்னால் இருந்தது. எவ்வளவு வாசித்தோம் என்பதோடு எப்படி வாசித்தோம் என்பதும் சேர்ந்துதான் பலன் தருகிறது.

ஒரு எச்சரிக்கை. கேள்வி கேளுங்கள் என்றதும், "இது என்ன நிறம்? எத்தனை கோழி?" என்று நம்மில் பலர் பரீட்சை வைக்கத் தொடங்கிவிடுகிறோம். கோழி சிவப்பு என்பது உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும் என்பது குழந்தைக்கும் தெரியும். தெரிந்ததை ஏன் கேட்கிறார் என்று அது யோசிக்கும், அல்லது பயப்படும். உங்களுக்கே விடை தெரியாத கேள்வியைக் கேளுங்கள். "உங்கள் வீட்டில் ஏதாவது காணாமல் போனால் யார் தேடுவார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், கதை நேரம் முடியாது.

ஒரே புத்தகத்தை எத்தனை நாள் வாசிப்பது என்று சலிப்பாக இருக்கும். சலிப்பு நமக்குத்தான். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதுக் குழந்தைகளில் சிலருக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். சிலருக்கு வெவ்வேறு கதைகள். கற்க வேண்டிய புதுச் சொற்கள் இரு தரப்புக்கும் ஒரே எண்ணிக்கையில்தான் காதில் விழுந்தன. ஒரே கதையைக் கேட்டவர்களே அவற்றை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிட்டால் குழந்தையின் கவனம் கதையைத் துரத்துவதை விட்டுவிட்டுச் சொல்லைப் பிடிக்கப் போகிறது. ஆகவே உங்கள் அலமாரியில் பத்துப் புத்தகம்தான் இருக்கிறது என்று வருந்தாதீர்கள். பத்தும் நல்ல புத்தகமாக இருந்தால் பல மாதம் ஓடும்.

நம் மொழிக்கே உரிய ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுத் தமிழும் புத்தகத் தமிழும் வேறுவேறு. "நரி கூறியது", "மகிழ்ச்சியுடன் சென்றது" என்றெல்லாம் எந்த வீட்டிலும் யாரும் பேசுவதில்லை. ஒன்றாம் வகுப்புப் பாடநூலைத் திறக்கும் அன்றுதான் ஒரு குழந்தை இந்தத் தமிழை முதன்முதலாகச் சந்திக்கிறது என்றால், எழுத்தோடு சேர்த்து இன்னொரு மொழியையும் அது கற்க வேண்டியிருக்கிறது. தினமும் புத்தகம் வாசிக்கக் கேட்ட குழந்தைக்கு அந்தச் சுமை இல்லை. "கூறியது" அதற்குப் பழகிப்போன சொல். ஆகவே புத்தகத்து வரியைப் பேச்சுத் தமிழாக மாற்றி மட்டும் சொல்லாதீர்கள். முதலில் உங்கள் ஊர்ப் பேச்சில் கதையைச் சொல்லுங்கள், பிறகு அச்சில் உள்ள வரியை அப்படியே வாசியுங்கள். இரண்டும் காதில் விழட்டும். பேச்சில் மட்டும் சொல்வதற்குப் புத்தகம் எதற்கு, வெறும் எழுத்துத் தமிழில் வாசித்துக்கொண்டே போவதற்கு நீங்கள்தான் எதற்கு?

கதை முடிந்ததும் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டுப் "பாட்டு நேரம்" என்று தாவாதீர்கள். கதை தரைக்கு இறங்கி வரட்டும். கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் நம் எல்லோருக்கும் தெரிந்த ஆட்டம். மணலை நீளமாகக் குவித்து, குச்சிக்குப் பதில் ஒரு கோழிப் பொம்மையை உள்ளே ஒளித்து, இரு கையையும் கோத்து மூடச் சொல்லுங்கள். "குஞ்சு எங்கே?" என்ற கதை அப்படியே ஆட்டமாகிவிடும். மறுநாள் ஒருவர் கோழி, ஒருவர் பருந்து, மீதிப் பேர் குஞ்சுகள். பருந்து பிடிக்க வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதை அவர்களே முடிவுசெய்வார்கள். அந்த வசனங்களைக் கொஞ்சம் ஒட்டுக்கேளுங்கள்.

விளையாட்டுப் பொருள் இல்லை என்ற கவலை திருப்பூரில் இருக்கவே கூடாது. நூல் சுற்றி வரும் காலிக் கோன்கள், பனியன் துணிக் கழிவு, அட்டைப் பெட்டிகள் எல்லாம் கேட்டால் சும்மாவே கிடைக்கும். கோன்களை அடுக்கினால் கோபுரம், வாயில் வைத்தால் ஒலிபெருக்கி, தலையில் வைத்தால் கிரீடம். உங்கள் ஊர்க் குழந்தைகள் சொப்பு விளையாடும்போது அம்மாவாக இருப்பவள் சமைத்து முடித்ததும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு "கம்பெனிக்குப் போகிறேன்" என்று கிளம்புவாள், கவனித்திருப்பீர்கள். அந்த விளையாட்டுக்குள் ஒரு துண்டுக் காகிதத்தையும் பென்சிலையும் வைத்துப் பாருங்கள். கம்பெனியில் கணக்கு எழுத ஒருவர் வேண்டுமே! கிறுக்கலாகத்தான் இருக்கும், ஆனால் எழுத்து எதற்குப் பயன்படுகிறது என்பது அந்தக் குழந்தைக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம். பட்டன், புளியங்கொட்டை, சோழி போன்ற சிறு பொருள்களை மட்டும் சின்னவர்களுக்கு எட்டாமல் வையுங்கள். மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் எதையும் வாயில் போடுவார்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

ஒலி விளையாட்டுக்குக் காசும் வேண்டாம், பொருளும் வேண்டாம். வருகைப் பதிவின்போது ஒவ்வொரு பெயரையும் துண்டு துண்டாகக் கைதட்டிச் சொல்லுங்கள்: மு-ரு-கன், யா-ழி-னி. யார் பெயருக்கு அதிகத் தட்டு என்று சண்டை வரும், வரட்டும். "கல், பல், நெல், பூ: இதில் சேராதது எது?" என்று கேளுங்கள். பிரிட்டன் ஆய்வாளர்கள் பிராட்லியும் பிரையன்டும் 1983-இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. நான்கு ஐந்து வயதில் இப்படி ஒத்த ஒலியையும் ஒவ்வாத ஒலியையும் பிரித்தறியும் திறன், அந்தக் குழந்தைகள் பின்னால் வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் எப்படி வந்தார்கள் என்பதோடு வலுவாகத் தொடர்பு கொண்டிருந்தது. அவர்கள் சோதித்தது ஆங்கிலத்தில். எதுகையும் மோனையும் தாலாட்டிலேயே தொடங்கிவிடும் தமிழில் இந்த விளையாட்டுக்குப் பஞ்சமே இல்லை.

இனி பெற்றோர் விஷயம். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பனியன் கம்பெனியில் பன்னிரண்டு மணி நேரம் நின்று சம்பாதிக்கும் தாய், தன் பிள்ளை கையில் ஏதாவது ஒரு நோட்டில் ஏதாவது ஓர் எழுத்து இருப்பதைப் பார்க்க விரும்புவதில் என்ன தவறு? பிரச்சினை என்னவென்றால் அந்த நோட்டு எதையும் நிரூபிப்பதில்லை. தமிழுக்கு 247 எழுத்துகள், அதில் 216 உயிர்மெய். நம் எழுத்தைப் போன்ற அமைப்புள்ள கன்னடத்தில் சோனாலி நாக் ஆய்வு செய்து 2007-இல் வெளியிட்டார். எழுத்துகளை முழுமையாகத் தன்வசப்படுத்தும் வேலை அங்கே நான்காம் வகுப்பு வரை நீள்வது அதில் தெரிந்தது. அதை எல்.கே.ஜி.யில் முடித்துவிடலாம் என்பது பேராசை. கையின் கதையும் அதுதான். மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறு எலும்புகள் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருக்கின்றன. அவை ஒவ்வொன்றாகக் கெட்டிப்படுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். மூன்று வயதில் ஒரு பக்கம் நிறைய அ எழுதச் சொன்னால் வலிக்கும், வலித்தால் பென்சிலே பகையாகும். களிமண் பிசையட்டும், துணியைக் கசக்கிப் பிழியட்டும், கயிற்றில் மணி கோக்கட்டும். பென்சில் பிடிக்கும் விரல் அங்கேதான் தயாராகிறது.

சீக்கிரம் தொடங்கியவர்கள் முந்திவிடுவார்களே என்ற பயத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. நியூசிலாந்தில் ஐந்து வயதில் வாசிப்பு கற்கத் தொடங்கியவர்களையும் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் செபாஸ்டியன் சகேட் குழுவினர் ஒப்பிட்டார்கள். 11 வயதளவில் வாசிப்புச் சரளத்தில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. நம் நாட்டிலும், சின்னக் குழந்தைகளின் கல்விக்கான வழிகாட்டியாக 2022-இல் வெளியான அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம் மூன்று முதல் ஆறு வயதுவரை பாடநூலே வேண்டாம் என்கிறது. உங்கள் கையில் இருக்கும் "ஆடிப் பாடி விளையாடு பாப்பா" கையேட்டின் பெயரே அதைத்தானே சொல்கிறது.

இந்த ஆய்வையெல்லாம் பெற்றோரிடம் எடுத்துப் படித்துக்காட்டாதீர்கள். உங்களுக்குத் தெம்பு வருவதற்காகச் சொன்னேன். அவர்களுக்குக் கண்ணால் பார்க்க ஒன்று வேண்டும். ஐந்து வயது ஆகும்வரை எழுத்தே குழந்தையின் கண்ணில் படக்கூடாது என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. எழுத்து அதற்கு வேண்டியதாக வர வேண்டும், அவ்வளவுதான். முதலில் வர வேண்டிய எழுத்து அதன் பெயர். ஒவ்வொருவர் பெயரையும் அட்டையில் பெரிதாக எழுதி வாசலருகே கொக்கியில் மாட்டுங்கள். காலையில் வந்ததும் தன் பெயரை எடுத்து "வந்தேன்" பலகையில் மாட்டட்டும். சில வாரங்களில் அடுத்தவர் பெயரையும் அடையாளம் கண்டு, "இது கவின் அட்டை, நீ எடுக்காதே" என்று அதிகாரம் செய்வார்கள்.

இரண்டாவது, குழந்தை சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுவது. ஒரு தாளில் குழந்தை எதையாவது வரையட்டும். "இது என்ன, சொல், எழுதிக்கொள்கிறேன்" என்று கேட்டு, அது சொன்ன வாக்கியத்தை அப்படியே, திருத்தாமல், அதன் கண் முன்னால் எழுதுங்கள். "தாத்தா சைக்கிள் ஆடு மேல் மோதிவிட்டது. ஆடு அழவில்லை. தாத்தா அழுதார்." கீழே பெயர், தேதி. எழுதியதை விரலால் தொட்டு வாசித்துக் காட்டுங்கள். மாலையில் அந்தத் தாள் வீட்டுக்குப் போகட்டும். நர்சரி நோட்டில் உள்ள அ எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அ. இது தன் பிள்ளை சொன்ன கதை. மூன்று மாதத் தாள்களைச் சேர்த்துத் தைத்துவிட்டால் பேச்சு எப்படி வளர்ந்திருக்கிறது என்று யாரும் விளக்காமலே தெரியும். பாலவாடியில் பாட்டும் விளையாட்டும்தான் என்று சொன்னவர்களின் கையில் கொடுப்பதற்கு இதைவிடத் தகுந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

மாதந்தோறும் பெற்றோரை அழைக்கும் நாளில் உரை நிகழ்த்தாதீர்கள். அவர்கள் முன்னால் ஐந்து குழந்தைகளை உட்காரவைத்து, ஏற்கெனவே பழகிய கதையை வாசியுங்கள். எங்கே நிறுத்தினாலும் குழந்தைகள் எடுத்துக்கொடுப்பார்கள். பகலில் வர முடியாத தாய் தந்தையருக்காக ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாவிட்டால் குற்றமில்லை, பதிவேடுகளும் செல்பேசிச் செயலியும் ஏற்கெனவே உங்கள் நேரத்தைத் தின்றுகொண்டிருப்பது எனக்குத் தெரியும். அழைத்துவர வரும் தாத்தா பாட்டிகளைப் பிடியுங்கள். பக்கத்தில் ஊராட்சி ஒன்றியப் பள்ளி இருந்தால் தலைமையாசிரியரிடம் பேசி, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கைந்து பேரை அனுப்பச் சொல்லுங்கள். பள்ளிக் கல்வித் துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு புத்தகங்கள் அங்கே இருக்கும். "நுழை" என்ற நிலையில் உள்ளவை மிக எளியவை. வகுப்பில் தடுமாறி வாசிக்கும் பையன், நான்கு வயதுக் கூட்டத்துக்கு முன்னால் பெரிய மனிதனாக வாசிப்பான். அவனுக்கும் அது தேவை.

உதவியாளர் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எழுத்தே இல்லாத, படம் மட்டும் உள்ள புத்தகத்தை அவர் கையில் கொடுங்கள். படத்தைப் பார்த்து அவர் சொல்லும் கதை, அச்சில் உள்ளதை நாம் வாசிப்பதைவிடப் பல நேரம் உயிரோடு இருக்கும். புத்தகமே இல்லாமல் அவருக்குத் தெரிந்த கதை எத்தனை என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? குழந்தைக் கல்வியாளர் தாராபாய் மோடக் 1945-இல் மகாராஷ்டிரத்தின் போர்டியில் கிராமக் குழந்தைகளுக்கான கல்வியைத் தொடங்கினார். அனுதாய் வாக் உடன் நின்றார். பிள்ளைகள் பள்ளிக்கு வராத பழங்குடிக் குடியிருப்புகளுக்கு அவர்களே போய் முற்றத்தில் வகுப்பு நடத்தினார்கள். இலை, கூழாங்கல், விதை, ஊரில் வழங்கும் பாட்டு, இவைதான் கருவிகள். ஊருக்குத் தெரிந்ததை வைத்துத் தொடங்குவது, முற்றம் என்ற பொருளையே பெயரில் கொண்ட அங்கன்வாடிக்குப் புதிதில்லை.

அந்த ஒடியாப் பெண் குழந்தையைப் பற்றி. புது மொழிக்குள் வந்து விழுந்த குழந்தை சில மாதம் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது இயல்பானது. அது ஊமையும் இல்லை, மந்தமும் இல்லை. வீட்டில் தன் மொழியில் நன்றாகப் பேசுகிறதா என்று தாயிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பேசுகிறது என்றால் கவலையை விடுங்கள். வீட்டிலும் பேச்சில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிச் செவித்திறனைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். எது செய்தாலும், "வீட்டில் தமிழ் பேசுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். தாய் தனக்குச் சரியாக வராத மொழியில் குழந்தையோடு பேசத் தொடங்கினால் வீட்டிலும் பேச்சு வற்றிவிடும். அதற்குப் பதில் நீங்கள் அவர்களிடமிருந்து கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு ஒடியாவில் "பாணி". பசி, வலி, கழிப்பறை, அம்மா வருவார் என்பதற்கெல்லாம் என்ன சொல்வார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். தமிழ்க் குழந்தைகளும் "பாணி, பாணி" என்று கத்தத் தொடங்கும் நாளில் அந்தக் குழந்தையின் முகத்தைப் பாருங்கள்.

கதை நேரத்தில் அதனிடம் பதில் கேட்காதீர்கள். விரலால் காட்டும் வேலை கொடுங்கள்: "குஞ்சைத் தொட்டுக் காட்டு." பக்கத்தைத் திருப்பும் பொறுப்பை அதற்கே விடுங்கள். நேஷனல் புக் டிரஸ்டின் குழந்தைகள் வரிசையில் ஒரே படக்கதை பல இந்திய மொழிகளில் வருகிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ், ஒடியா இரண்டிலும் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே கதையைத் தாய் ஒடியாவில் சொல்ல, நீங்கள் தமிழில் வாசிக்கலாம். செல்பேசியில் நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்; குழந்தைகள் கையில் கொடுத்துவிட வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயதுவரை உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன வரம்பு. பெரும்பாலும் வீட்டிலேயே அது தாண்டிவிடுகிறது.

கடைசியாக, பீரோவில் பூட்டி வைத்திருக்கும் புத்தகங்கள். நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருக்கும் என்று எனக்குத் தெரியும். கிழிந்தால் இருப்புப் பதிவேட்டில் என்ன எழுதுவது என்ற பயத்தில் எத்தனையோ மையங்களில் புதுப் புத்தகம் புது வாசனையோடு அப்படியே கிடக்கிறது. வட்டார மேற்பார்வையாளரிடம் இதை வாய்மொழியாகக் கேட்காமல் ஒரு தாளில் எழுதிக் கேளுங்கள்: பயன்பாட்டில் கிழிந்தவற்றைத் தேய்மானமாகக் காட்டலாமா என்று. பதில் வரும்வரை, நன்கொடையாக வந்தவற்றையும் நீங்கள் வாங்கியவற்றையும் தனியாக வைத்து அவற்றை வெளியே எடுங்கள். தரையிலிருந்து குழந்தையின் கை எட்டும் உயரத்தில் ஒரு கயிறு கட்டி, அட்டைப் படம் தெரியும்படி தொங்கவிடுங்கள். முதுகு தெரியும்படி அடுக்கினால் எழுத்து தெரியாதவர்கள் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள்?

சனிக்கிழமைதோறும் ஒரு மஞ்சப்பையில் ஒரு புத்தகம் போட்டு, முறைவைத்து வீட்டுக்கு அனுப்புங்கள். நிறுத்திவிட்ட அந்த மூன்று குழந்தைகளின் வீட்டுக்கும் அனுப்புங்கள். திரும்பி வரச் சொல்லி எதுவும் கேட்க வேண்டாம், பையை வாங்கப் போகும்போது குழந்தையிடம் கதையை மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள். சில புத்தகம் கிழியும், ஒன்றிரண்டு திரும்பாது. கிழிந்ததை ஒட்டும் வேலையை ஐந்து வயதுக்காரர்களிடமே பசையும் தாளும் கொடுத்து ஒப்படையுங்கள். எந்தப் பக்கம் எதற்கு அடுத்து வரும் என்று அவர்கள் வாக்குவாதம் செய்வதைக் கேட்டால் கதை எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று உங்களுக்கே விளங்கும்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி எழுதுங்கள். எந்தப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், எந்தப் பக்கம் அதிகம் கிழிந்திருக்கிறது என்று குறிப்பிடுங்கள். அதை வைத்து, அடுத்து என்ன மாதிரிப் புத்தகம் வாங்கலாம் என்று சொல்கிறேன்.